ஓடும் நிரலை அப்படியே கோப்பாக்குவது: எந்த வழி, யாருக்கு?

சில நிரல்கள் தொடங்கவே நேரம் எடுக்கும். அகராதியைப் படிக்கும், அட்டவணைகளைக் கட்டும், நூறு சிறு கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றும், அப்புறம்தான் நம்மிடம் வரும். மூடினால் கட்டியதெல்லாம் போய்விடும். மறுநாள் திறந்தால் அதே வேலை முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் கட்டி முடிக்கும்போது கிடைப்பது ஒரே நிலைதான் என்றால், அந்த நிலையில் மெமரியில் இருப்பதை அப்படியே வட்டில் எழுதி, அதையே புதிய எக்ஸிகியூட்டபிள் கோப்பாக, அதாவது நேரடியாக ஓட்டக்கூடிய கோப்பாக, வைத்துக்கொண்டால் என்ன?

இந்த யோசனை நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. பிடிபி-10 கணினிகளில் ஓடிய டாப்ஸ்-10 இயங்குதளத்தில் இதற்கென்றே ‘சேவ்’ என்ற கட்டளை இருந்தது: மெமரியில் இருக்கும் நிரலை அப்போதைய நிலையிலேயே, திரும்ப ஓட்டக்கூடிய கோப்பாக எழுதிவிடும். பெர்ல் மொழியில் ‘-யு’ என்ற தேர்வு உண்டு. நிரலைக் கம்பைல் செய்து முடித்ததும் கோர் டம்ப், அதாவது அந்த நேரத்து மெமரியின் நகல், எடுத்துக் கொடுக்கும். அதை எக்ஸிகியூட்டபிளாக மாற்ற ‘அன்டம்ப்’ என்ற தனி நிரல் வேண்டும், அது பெர்லுடன் வராது. இன்று அந்த வழியில் போகிறவர்கள் அரிது.

இன்று இதே தேவை உங்களுக்கு வந்தால் எதைத் தேர்வது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெமரியில் உள்ள ஒவ்வொரு பைட்டும் என்ன என்று தெரிந்த பகுதி எதுவோ, சேமிக்கும் வேலையை அதனிடம் கொடுங்கள். அர்த்தம் தெரியாமல் பைட்டுகளை அள்ளிவைக்கும் வழி, அடியில் இருக்கும் லைப்ரரியும் இயங்குதளத்தின் மையமான கர்னலும் மாறாதவரைதான் நிற்கும். நான் இப்படிச் சொல்லக் காரணம் இமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டர். இந்த விஷயத்தில் அதைவிட நீண்ட அனுபவம் வேறு எதற்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இமேக்ஸின் அடிப்பகுதி சி மொழியில் எழுதியது. மேலே உள்ள பெரும்பகுதி லிஸ்ப். கம்பைல் செய்ததும் முதலில் கிடைப்பது ‘டிஇமேக்ஸ்’ என்ற வெறும் கூடு. அது ‘லோட்அப்’ என்ற லிஸ்ப் கோப்பை ஓட்டும். கோப்பு கையாளுதல், எழுத்துரு வண்ணங்கள், உலக மொழிகளின் எழுத்து அட்டவணைகள் எல்லாம் அதன் வழியாக ஏறும். 1980-களின் கணினியில் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் எடிட்டரைத் திறப்பதே ஒரு தண்டனையாகிவிடும். அதனால் எல்லாம் ஏறிய பிறகு, ‘அன்எக்ஸெக்’ என்ற நிரல்பகுதி ஓடும் டிஇமேக்ஸின் மெமரியை எடுத்துப் புதிய எக்ஸிகியூட்டபிளாக எழுதும். நாம் பல பத்தாண்டுகள் பயன்படுத்திய ‘இமேக்ஸ்’ கோப்பு இப்படிப் பிறந்ததுதான்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. லினக்ஸ் எக்ஸிகியூட்டபிளில் தொடக்க மதிப்புள்ள மாறிகளுக்கு ‘டேட்டா’ என்ற பகுதி. பூஜ்யத்தில் தொடங்கும் மாறிகளுக்கு ‘பிஎஸ்எஸ்’ என்ற பகுதி, இதற்குக் கோப்பில் இடமே கிடையாது, அளவு மட்டும் குறித்திருக்கும். மெமரியில் பிஎஸ்எஸ் முடியும் இடத்துக்கு மேலே, நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் இடமான ஹீப் வளரும். அன்எக்ஸெக் என்ன செய்கிறது? டேட்டாவின் தொடக்கத்திலிருந்து ஹீப்பின் உச்சிவரை அத்தனையையும் கோப்பில் எழுதி, “இது எல்லாமே டேட்டாதான்” என்று தலைப்பில் குறித்துவிடுகிறது. அடுத்த முறை கர்னல் அந்தக் கோப்பை ஏற்றும்போது ஹீப்பும் சேர்ந்தே வந்துவிடும்.

ஓட்டம் எந்தச் செயற்கூறில் எங்கே நிற்கிறது என்று குறித்துவைக்கும் ஸ்டாக்கை அது சேமிப்பதில்லை. விட்ட வரியிலிருந்து ஓட்டம் தொடராது. புதிய கோப்பு ‘மெயின்’ செயற்கூறிலிருந்துதான் தொடங்கும். ஆனால் ‘இனிஷியலைஸ்டு’ என்று ஒரு மாறி இருக்கிறது. டம்ப் எடுத்தபோது அதில் இருந்த மதிப்பும் சேர்ந்தே உறைந்திருக்கும். மெயின் அதைப் பார்க்கிறது. எல்லாம் கட்டியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு கட்டும் வேலையைத் தாண்டிப் போகிறது. முதன்முறை இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே ஒரு மாறியின் மதிப்பை வைத்து நிரலுக்குத் தன் பிறப்பு எத்தனையாவது என்று தெரிகிறதே!

இதன் பலம் வெளிப்படையானது. ஒரே கோப்பு, எங்கே நகலெடுத்தாலும் ஒன்றாகவே போகும். பாயிண்டர்கள் (மெமரி முகவரியைச் சுட்டும் மதிப்புகள்) எல்லாம் பழைய முகவரியிலேயே இருப்பதால் திருத்த வேண்டியதும் இல்லை. கர்னல் பக்கங்களைத் தேவைப்படும்போது மட்டும் வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். வேகத்தில் இதை மிஞ்சுவது கஷ்டம்.

சிக்கலும் அதே இடத்திலிருந்துதான் வந்தது. ‘பழைய முகவரியிலேயே’ என்பதை உறுதி செய்ய வேண்டியவர் இமேக்ஸ் இல்லையே. பாதுகாப்புக்காக லினக்ஸ் ஒவ்வொரு முறையும் முகவரிகளைக் கலைத்துப் போடத் தொடங்கியது. டம்ப் எடுக்கும்போது அதை அணைத்தே ஆக வேண்டியிருந்தது. முகவரி சாராத எக்ஸிகியூட்டபிள்களைக் கம்பைலர்கள் இயல்பாகவே உருவாக்க ஆரம்பித்தன. அதையும் அணைக்க வேண்டியிருந்தது. விண்டோஸுக்கு ஒரு அன்எக்ஸெக், மேக்குக்கு வேறொன்று, லினக்ஸ் பயன்படுத்தும் எல்ஃப் வடிவத்துக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அந்த இயங்குதளத்தின் கோப்பு வடிவத்தை உள்ளும் புறமும் அறிந்த ஆள் தேவைப்பட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி மாலாக். ஹீப்பில் இடம் ஒதுக்கும் செயற்கூறு அது, அந்த வேலை சி லைப்ரரியுடையது. எந்த இடம் காலி, எது நிரம்பியது என்ற கணக்கு லைப்ரரியின் சொந்த மாறிகளில் இருக்கிறது, அந்த லைப்ரரி தனிக் கோப்பு. அன்எக்ஸெக் ஹீப்பை எடுத்தது. கணக்குப் புத்தகத்தை எடுக்கவில்லை. அதனால் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் இரண்டு சிறப்புச் செயற்கூறுகள் இருந்தன: ஒன்று கணக்கை எடுத்துக் கொடுக்கும், இன்னொன்று திரும்ப நிறுவும். 2016 தொடக்கத்தில் ஜிலிப்சி உருவாக்குநர்கள் இவற்றை நீக்கப்போவதாகச் சொன்னார்கள். அவர்கள் தரப்பும் நியாயமானதுதான். மாலாக்கின் உள்ளமைப்பை மாற்றி மேம்படுத்த வேண்டும். அவர்களுக்குத் தெரிந்தவரை ஒரே ஒரு நிரல் மட்டும் பயன்படுத்தும் வாசலுக்காகப் பழைய அமைப்பை எத்தனை நாள் சுமப்பது?

அப்போது இமேக்ஸ் முன் இருந்த வழிகளைப் பாருங்கள். கிட்டத்தட்ட நம் எல்லோருக்கும் இருக்கும் வழிகள் அவைதான்.

முதலாவது, அன்எக்ஸெக்கை விடாமல் பிடித்துக்கொள்வது. டம்ப் எடுக்கும்வரை இமேக்ஸ் தன் சொந்த மாலாக்கைப் பயன்படுத்தும், டம்புக்குப் பிறகு இயங்குதளத்தினுடையதுக்கு மாறும். உடனடியாக வேலை செய்யக்கூடியது. ஆனால் அடுத்த மாற்றம் வரும்போது இன்னொரு ஒட்டு போட வேண்டும்.

இரண்டாவது, மெமரியை விட்டுவிட்டு லிஸ்ப் நிலையை லிஸ்ப் உரையாகவே ஒரே பெரிய கோப்பில் எழுதி, தொடங்கும்போது அதைப் படிப்பது. இமேக்ஸ் உருவாக்குநர் ஸ்டெஃபான் மானியே முன்வைத்த வழி. பராமரிக்க எளிது, லிஸ்ப் தெரிந்த யாரும் கைவைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் உரையைப் படித்துப் பொருள்களை மறுபடி கட்டியாக வேண்டும். படிக்கும் நிரலை எவ்வளவு தீட்டினாலும் அந்த வேலை மறைந்துவிடாது.

மூன்றாவது, டானியல் கோலசியோனே எழுதிய ‘பிடம்பர்’. இது லிஸ்ப் பொருள்கள் ஒவ்வொன்றையும் வகை அறிந்து நடந்துபோய், தனித் தரவுக் கோப்பில் எழுதும். எந்தெந்த இடத்தில் பாயிண்டர் இருக்கிறது என்ற பட்டியலும் அதே கோப்பில் இருக்கும். தொடங்கும்போது கோப்பை மெமரியில் பொருத்தி, அது எந்த முகவரியில் அமர்ந்ததோ அதற்கேற்பப் பாயிண்டர்களைத் திருத்திக்கொள்ளும். முகவரி கலைந்தாலும் கவலை இல்லை. மாலாக் மாறினாலும் கவலை இல்லை.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். பராமரிப்பாளர் ஏலி சரெட்ஸ்கியின் வாதம் இது: இமேக்ஸின் சி பகுதியில் ஆழமாக இறங்கி வேலை செய்யக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், இந்த நேரத்தில் நுட்பமான சி நிரலை இன்னும் ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ப்பது சரியா? புதிய சி அமைப்பு ஒன்றை வரையறுத்தால், அதை எப்படி டம்ப் செய்வது என்று பிடம்பருக்கும் சொல்லித்தர வேண்டும். மறந்தால் உடையும். பொருளின் அர்த்தம் தெரிந்து சேமிக்கும் எந்த வழிக்கும் உள்ள உண்மையான செலவு இதுதான்.

கடைசியில் பிடம்பரே வென்றது. 2019-இல் மூலநிரலில் சேர்ந்து, 2020 ஆகஸ்டில் வெளியான 27.1 பதிப்போடு எல்லோரிடமும் வந்தது. அன்எக்ஸெக் அதன்பின் சில பதிப்புகள் ஓரமாகக் கிடந்து, 31-ஆம் பதிப்புக்கான மூலநிரலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஒரே கோப்பு என்ற வசதி போனது. எக்ஸிகியூட்டபிளும் டம்ப் கோப்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அதற்கு எக்ஸிகியூட்டபிளுக்குள் ஒரு கைரேகை இருக்கிறது, டம்பின் கைரேகை அதோடு ஒத்துப்போகாவிட்டால் ஏற்ற மறுக்கும். இந்த மறுப்பு எனக்குப் பிடித்த அம்சம். தவறான டம்பை ஏற்றி, அரைமணி கழித்து எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் விழுவதைவிட வாசலிலேயே நிற்பது எவ்வளவோ மேல்.

டெக் அச்சுக்கோப்பு நிரலும் இதே பாடத்தைத்தான் காட்டுகிறது. அதன் ‘இனிடெக்’ என்ற வடிவம் மேக்ரோக்களையும் சொற்களை உடைக்கும் வடிவங்களையும் படித்து, ‘டம்ப்’ கட்டளை வந்ததும் ஒரு ஃபார்மட் கோப்பில் எழுதிவைக்கும். சில இடங்களில் அதற்கு மேலும் போய், ஃபார்மட் ஏறிய நிலையில் கோர் டம்ப் எடுத்து, அதை எக்ஸிகியூட்டபிளாக்கி வைத்திருந்தார்கள். அந்த எக்ஸிகியூட்டபிள்கள் வழக்கொழிந்துவிட்டன. ஃபார்மட் கோப்பு இன்றும் ஒவ்வொரு டெக் நிறுவலிலும் இருக்கிறது. அதன் அமைப்பை டெக் தானே வரையறுக்கிறது, கர்னலிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

சரி, நீங்கள் இமேக்ஸ் எழுதவில்லை. உங்கள் நிரல் எந்த மொழியில் இருக்கிறது?

காமன் லிஸ்ப் என்றால் யோசிக்கவே வேண்டாம். அதன் கம்பைலர்களில் ஒன்றான எஸ்பிசிஎல்லில் ‘சேவ்-லிஸ்ப்-அண்ட்-டை’ என்று ஒரு செயற்கூறு உண்டு. எக்ஸிகியூட்டபிள் வேண்டும் என்று சொன்னால், ரன்டைமையும் ஹீப் முழுவதையும் ஒரே கோப்பாக எழுதிக் கொடுக்கும். தேவையற்ற மெமரியை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டருக்கு ஒவ்வொரு பொருளும் எங்கே, எந்தப் பாயிண்டர் எதைச் சுட்டுகிறது என்று ஏற்கெனவே தெரியும். அதனால் இங்கே அர்த்தம் தெரிந்த சேமிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்மால்டாக் மொழிக் குடும்பத்திலும், இன்றைய ஃபாரோ வரைக்கும், இதுதான் அன்றாட வேலைமுறை. அங்கே நிரலே ஒரு இமேஜுக்குள், அதாவது இப்படிச் சேமித்த மெமரிக் கோப்புக்குள்தான் வாழ்கிறது.

பெயரில் உள்ள ‘டை’ உண்மையானது. சேமித்ததும் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸ் செத்துவிடும். தொடர்ந்து ஓடவும் வேண்டும் என்றால் முதலில் ஃபோர்க் செய்து, அதாவது ப்ராசஸை நகலெடுத்து, குழந்தைப் ப்ராசஸில் சேமிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட த்ரெட் ஓடினால் சேமிக்கவே மறுக்கும். கம்பைலரும் உள்ளேயே இருப்பதால் சின்ன நிரல்கூடப் பத்துக்கணக்கான எம்பி ஆகும். சுருக்கிச் சேமிக்கலாம், ஆனால் தொடங்கும்போது விரிக்க வேண்டும், எதற்காக இதையெல்லாம் செய்தோமோ அந்த நேரத்தில் கொஞ்சம் திரும்பப் போய்விடும். வட்டில் இடம் பெரிய பிரச்சினையாக இல்லாதவரை நான் சுருக்குவதில்லை.

இதில் எனக்கு ஒரு அடி விழுந்திருக்கிறது. ஒரு சிறு லிஸ்ப் கருவியை இமேஜாகச் சேமித்து நண்பருக்கு அனுப்பினேன். என் கணினியில் ஒழுங்காக ஓடியது, அவருடையதில் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றது. அமைப்புக் கோப்பின் பாதையை ஒரு குளோபல் மாறியில் வைத்திருந்தேன். நிரல் ஏறும்போது என் வீட்டுக் கோப்பகத்தைப் படித்து அந்த மாறியில் போட்டது. இமேஜ் எடுத்தபோது அது அப்படியே உறைந்துவிட்டது. அவர் கணினியில் ஓடிய நிரல் என் கோப்பகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. திருத்தம் இரண்டே வரி: பாதையை மாறியிலிருந்து எடுத்து, இமேஜ் எழும்போது ஓடும் தொடக்கக் கொக்கியில் வைத்தேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் போனது. அன்றிலிருந்து எந்த வழியில் சேமித்தாலும் முதலில் ஒரு பட்டியல் போடுகிறேன்: இந்த நிரலில் எவையெல்லாம் ‘இந்தக் கணினி’, ‘இந்த நேரம்’, ‘இந்தப் பயனர்’ சார்ந்தவை?

ஜாவாஸ்கிரிப்ட் என்றால், நோட் ஜேஎஸ் 18.8 முதல் பயனர் நிரலின் நிலையை ஸ்னாப்ஷாட் கோப்பாக எடுக்க முடிகிறது. நிரலை ஒரே கோப்பாகக் கட்டித் தர வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுத்த அதே நோட் பதிப்பில்தான் திரும்ப ஏறும். ஜாவாவில் கிரால்விஎம் நேட்டிவ் இமேஜ் இன்னும் ஒரு படி மேலே போய், கட்டும் நேரத்திலேயே சில வகுப்புகளின் தொடக்க வேலையை ஓட்டி, அதில் பிறந்த பொருள்களை எக்ஸிகியூட்டபிளுக்குள் வைத்துவிடும். நம் தலைப்புக்கு மிக அருகில் வருகிற நவீன வழி இதுதான். அதில் ஒரு கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: உறையப்போகும் பொருள்களுக்குள் ரேண்டம் எண் உருவாக்கும் பொருள் ஒன்று இருந்தால் கட்டும்போதே பிழை சொல்லி நிறுத்திவிடும். காரணம் பின்னால் வருகிறது.

பைத்தானில் இப்படி எதுவும் உள்ளமைந்து வருவதில்லை. ‘பிஒய்சி’ கோப்புகள் கம்பைல் ஆன நிரலை மட்டும் வைத்திருக்கும், நிலையை வைத்திருக்காது. பைத்தான்காரர்களுக்கு நான் சொல்வது இரண்டில் ஒன்று. கட்டிய அட்டவணையை மட்டும் தனித் தரவுக் கோப்பாக எழுதி, மெமரியில் நேரடியாகப் பொருத்திப் படியுங்கள். பாயிண்டருக்குப் பதிலாகக் கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணை வைத்தால், எந்த முகவரியில் அமர்ந்தாலும் திருத்தமே தேவைப்படாது. சி, சி++ நிரல்களுக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். மெதுவாக இருப்பது ஒரு பெரிய அட்டவணை மட்டும் என்றால், அதற்காக நிரல் முழுவதையும் உறையவைப்பது தேவையில்லாத வேலை.

இன்னொன்று, வட்டில் எழுதாமலேயே தப்பிப்பது. ஆண்ட்ராய்டில் ‘சைகோட்’ என்ற ப்ராசஸ் பொதுவான வகுப்புகளை ஒருமுறை ஏற்றிவைத்துக் காத்திருக்கும். ஒவ்வொரு செயலியும் அதிலிருந்து ஃபோர்க் ஆகிப் பிறக்கும். மாறாத பக்கங்களை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். இமேக்ஸிலும் பலர் பின்னணியில் ஓடும் டெமனாக ஒருமுறை எழுப்பி வைத்துவிட்டு, வேண்டியபோது கிளையன்டைத் திறக்கிறார்கள். சர்வரில் ஓடும் நிரல் என்றால் இதை முதலில் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். கணினி அணைந்து எழுந்தால் கட்டுமானம் மறுபடி நடக்கும், அவ்வளவுதான் குறை.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் நிரல் ஒத்துழைக்கிறது. ஒத்துழைக்காத நிரல் என்றால்? மூலநிரல் கையில் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்து நிறுத்தி நாளைக்கு எழுப்ப வேண்டும் என்றால் கிரியூ இருக்கிறது. பாவெல் எமெலியானோவ் 2011-இல் தொடங்கிய லினக்ஸ் திட்டம். ப்ராசஸுக்குள் வெளியிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணி நிரலை நுழைத்து, மெமரிப் பக்கங்கள், ரெஜிஸ்டர்கள், திறந்த கோப்புகள் எல்லாவற்றையும் வாங்கி எழுதிக்கொள்ளும். ஸ்டாக்கும் சேர்ந்து வருவதால் விட்ட வரியிலேயே தொடரும். நிறுவியிருக்கும் டிசிபி இணைப்பைக்கூட மீட்கிறது. அதற்காக லினக்ஸ் 3.5-இல் கர்னலிலேயே ஒரு வசதி சேர்த்தார்கள்.

வியக்கவைக்கும் வேலைதான், ஆனால் இதை எக்ஸிகியூட்டபிள் செய்யும் வழியாக நினைத்து அணுகினால் ஏமாந்துபோவீர்கள். கிடைப்பது ஒரு கோப்பகம் நிறைய இமேஜ் கோப்புகள், எழுப்புவதற்கு கிரியூ வேண்டும், அதற்குச் சிறப்பு அனுமதி வேண்டும். லைப்ரரிக் கோப்புகள் அதே பதிப்பில் அதே இடத்தில் இருக்க வேண்டும். ப்ராசஸ் எண்ணும் அதுவே திரும்பக் கிடைக்க வேண்டும். கன்டெய்னர்களை நிறுத்தி வேறு கணினியில் எழுப்ப இது சரியான கருவி. உங்கள் நிரலைப் பயனர்களுக்கு விநியோகிக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம் போகாதீர்கள். பிழை தேடும் கருவியான ஜிடிபியின் ‘ஜிகோர்’ எடுத்துத் தரும் கோர் கோப்பும் எல்ஃப் வடிவம்தான் என்பதைப் பார்த்து அதையே எக்ஸிகியூட்டபிளாக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. பிழை தேடுவதற்கு அது போதும். திறந்த கோப்புகளும் கர்னல் பக்கத்து நிலையும் அதில் இல்லாததால் ஓட்டுவதற்குப் போதாது.

ரேண்டம் எண் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எந்த வழியைத் தேர்ந்தாலும் இது கூடவே வரும். ரேண்டம் எண் உருவாக்கியின் நிலை டம்புக்குள் உறைந்தால், அந்தக் கோப்பிலிருந்து எழும் ஒவ்வொரு நகலும் ஒரே வரிசையில் ஒரே எண்களைத் தரும். விளையாட்டு நிரலில் இது அசிங்கம். சாவிகளையும் செஷன் அடையாளங்களையும் உருவாக்கும் நிரலில் ஆபத்து. மெய்நிகர் கணினிகளை ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்புகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான்: தான் நகல் என்பது உள்ளே இருக்கும் கர்னலுக்குத் தெரிய வேண்டும். அதற்கான வசதி லினக்ஸில் 5.18-இல் வந்தது. உங்கள் நிரலில் அதை நீங்கள்தான் செய்ய வேண்டும், எழுந்தவுடன் முதல் வேலையாக விதையை (எண் வரிசையின் தொடக்க மதிப்பை) இயங்குதளத்திடமிருந்து புதிதாக வாங்க வேண்டும்.

கடவுச்சொற்களும் அப்படியே. கட்டும் நேரத்தில் ஒரு தரவுத்தளத்தோடு பேசியிருந்தால், அதன் கடவுச்சொல் ஹீப்பில் எங்கோ இருக்கலாம். மாறியைக் காலி செய்தாலும் பழைய பைட்டுகள் அழியாமல் கிடக்கலாம். மொத்த மெமரியையும் அள்ளும் வழிகளில், அன்எக்ஸெக் பாணியிலும் கிரியூவிலும், அது கோப்புக்குள் போய்விடும். பொருள்களை நடந்துபோய் எழுதும் வழிகளில், யாரும் சுட்டாத குப்பை பின்தங்கிவிடும். இது மட்டுமே பிடம்பர் பாணியைத் தேர்வதற்குப் போதிய காரணம் என்பேன். ஆனாலும் கோப்பை வெளியே கொடுக்கும் முன், உங்களுக்குத் தெரிந்த ரகசியச் சொற்களை அதற்குள் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளை போட்டுத் தேடிப் பாருங்கள். சுருக்கிய இமேஜில் தேடினால் எதுவும் அகப்படாது. சுருக்காமல் ஒன்று எடுத்து அதில் தேடுங்கள்.